அடி விழுவதற்கு முந்தைய மூன்று மணி நேரம்

"எங்களுடையது 300 படுக்கை மருத்துவமனை. போன மாதம் காஷுவாலிட்டியில் பயிற்சி மருத்துவரான ஒரு ஹவுஸ் சர்ஜனை நோயாளியின் உறவினர் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு செக்யூரிட்டி ஆட்களைக் கூட்டினோம், கேமரா வைத்தோம். இப்போது உளவியலாளர் ஒருவரையும் வேலைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். அடிக்க வருகிறவரிடம் உளவியலாளர் என்னதான் செய்துவிட முடியும்?" நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மருத்துவ உளவியலாளராகப் பல வருடம் வார்டுகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கை ஓங்கிய பிறகு உளவியலாளரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அந்த நொடிக்கு வேண்டியது செக்யூரிட்டியும் போலீஸும்தான். ஆனால் அந்தக் கை ஓங்குவதற்கு முன்னால் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். சில சமயம் ஆறு மாதம்கூட ஓடியிருக்கும். அவ்வளவு நேரமும் யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் கதவருகே நின்றிருப்பார். எங்கள் வேலை முழுக்க அந்த நேரத்துக்குள்தான் இருக்கிறது.

மூன்று சம்பவங்களைப் பாருங்கள். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன். அம்மாவுக்குச் சரியான சிகிச்சை தரப்படவில்லை என்ற எண்ணம் அவருக்குள் மாதக்கணக்கில் ஊறியிருந்தது. மருத்துவர் பிழைத்துக்கொண்டார். 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர் கொலை செய்யப்பட்டார். கர்ப்பிணி மனைவி இறந்துபோன துக்கத்தில் இருந்த கணவர், சில நாட்களுக்குள் மருத்துவரைத் தேடி வந்து வெட்டினார். 2023 மே 10 அன்று கேரளாவின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் 23 வயது ஹவுஸ் சர்ஜன் ஒருவர் இறந்தார். காயத்துக்குக் கட்டுப் போடப் போலீஸ் அழைத்து வந்த ஒருவர், அங்கேயே இருந்த கத்தரிக்கோலை எடுத்துக் குத்தினார்.

ஒன்றில் மாதக்கணக்கு, இன்னொன்றில் நாள் கணக்கு, மூன்றாவதில் நிமிடக் கணக்கு. மூன்றையும் "மருத்துவர் மீது தாக்குதல்" என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறோம், தடுக்கும் வழியும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். முதலாவதில் நீண்டகால நோயாளியின் குடும்பத்தோடு அவ்வப்போது உட்கார்ந்து பேச ஒருவர் இருந்திருக்க வேண்டும். இரண்டாவதில் மரணச் செய்திக்குப் பிந்தைய நாட்களைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாவதில், நிலைகொள்ளாமல் இருக்கும் ஒருவர் உள்ளே வரும்போதே அதைக் கண்டுகொண்டு, கூர்மையான பொருட்களையும் ஆட்களையும் தள்ளி வைக்கும் ஒழுங்கு வேண்டும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது வேறு வகைக் குற்றம். பணியில் இருந்த ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதற்குத் தேவை பூட்டக்கூடிய ஓய்வறை, வெளிச்சம், இரவில் யார் எங்கே போகலாம் என்ற கட்டுப்பாடு, கடுமையான விசாரணை. அங்கே உளவியலாளரைத் தீர்வாகக் காட்டினால் அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகிவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2012-ல் தூத்துக்குடியும் 2024-ல் கிண்டியும் நடந்தன. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தையைப் பறிகொடுத்து நிற்கும் அப்பா, எத்தனை வருடம் சிறை என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக அளவில் சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியாகத் தாக்கப்படுகிறார்கள். மிரட்டலும் வசவும் வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். செவிலியர்களைக் கேட்டுப் பாருங்கள், வசவு வாங்காத வாரம் இருக்காது.

சரி, அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவோம். முதலாவது, காத்திருப்பு.

காஷுவாலிட்டி வாசலில் நிற்கும் ஒருவரின் இடத்தில் இருந்து பாருங்கள். 108-ல் அண்ணனைக் கொண்டுவந்து இறக்கியாயிற்று. ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது, கதவு சாத்திவிட்டார்கள். ஒருவர் வந்து ஓ.பி. சீட்டு போடச் சொல்கிறார். இன்னொருவர் ரத்தக் குப்பியைக் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புகிறார். திரும்பி வந்தால் அண்ணன் அங்கே இல்லை, சி.டி. ஸ்கேனுக்குப் போய்விட்டார். யாரைக் கேட்டாலும் "டாக்டரைக் கேளுங்க" என்கிறார்கள். டாக்டர் யார் என்பதே தெரியவில்லை. தமக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கூப்பிடுகிறார்கள். நமக்கு ஆள் பலம் இல்லை, அதனால்தான் இப்படி என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். ஊருக்குப் போன் போடுகிறார். அரை மணி நேரத்தில் பதினைந்து பேர் வந்து இறங்குகிறார்கள்.

உள்ளே இருக்கும் மருத்துவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் நியாயமாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் வந்தவருக்கு மூச்சுத் திணறல், அதனால் அவரை முதலில் எடுத்தார். அந்த நியாயம் கதவுக்கு வெளியே யாருக்கும் போய்ச் சேரவில்லை. விளக்கம் கிடைக்காத காத்திருப்பு, விளக்கம் கிடைத்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என்று நிர்வாகவியல் அறிஞர் டேவிட் மெய்ஸ்டர் 1985-லேயே எழுதினார். அவர் பேசியது கடைகளிலும் சேவை நிறுவனங்களிலும் நிற்கும் வரிசைகளைப் பற்றி. உயிருக்குப் பயந்து நிற்கும் வரிசைக்கு அது இன்னும் பல மடங்கு பொருந்தும்.

இங்கிலாந்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே 2011-ல் டிசைன் கவுன்சிலும் சுகாதாரத் துறையும் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் வன்முறையைக் குறைக்க ஒரு முயற்சியைத் தொடங்கின. பியர்சன்லாயிட் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்தது, பார்வைக்கு மிகச் சாதாரணமான காரியம். நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், அடுத்து என்ன நடக்கும், ஏன் நேரமாகிறது, ஏன் சிலரை முன்னால் அழைக்கிறோம் என்பதைச் சுவரில் பெரிய பலகைகளாக வைத்தார்கள். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். சவுத்தாம்ப்டனிலும் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிலும் சோதித்தபோது, மிரட்டும் தோரணையும் ஆக்ரோஷமான நடத்தையும் பாதியாகக் குறைந்தன. ஒரு காவலாளியைக்கூடக் கூட்டாமல் கிடைத்த பலன் இது.

நம் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் பச்சைப் பகுதியில் காத்திருப்பவரிடம், "பச்சைன்னா உயிருக்கு ஆபத்து இல்லைன்னு அர்த்தம், அதனாலதான் லேட் ஆகுது" என்று எத்தனை இடத்தில் சொல்கிறார்கள்? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதை மட்டும் சொல்வதற்கென்று மாலை ஐந்து மணியிலிருந்து ஒரு சமூகப் பணியாளரை உட்கார வைத்தோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், "ரிசல்ட் இன்னும் வரல, அரை மணி நேரம் ஆகும், நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். கதவைத் தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். செவிலியர்களுக்கும் நிம்மதி.

இரண்டாவது, செய்தி சொல்லும் விதம். என் அனுபவத்தில் பெரும்பாலான அடிதடி இங்கேதான் பற்றிக்கொள்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு, காலையில இட்லி சாப்பிட்டாரே" என்ற சொல்லை நீங்களும் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். உறவினர் கடைசியாகப் பார்த்த காட்சிக்கும் மரணச் செய்திக்கும் நடுவே ஒரு படிக்கட்டே இல்லாமல் போனால், அந்த இடைவெளியை அவர்கள் ஒரு கதையால் நிரப்புவார்கள். ஊசி மாற்றிப் போட்டுவிட்டார்கள், ஆக்சிஜனைப் பிடுங்கிவிட்டார்கள், பணத்துக்காக வைத்திருந்தார்கள் என்று. "சீரியஸா இருக்கு, எதுவும் சொல்ல முடியாது" என்று அட்மிஷன் அன்று ஒருமுறை சொன்னதைப் படிக்கட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாருக்கும் சொல்லும் வார்த்தை என்பதால் அது யார் காதிலும் ஏறுவதில்லை.

துன்பச் செய்தியைச் சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000-ல் வெளிவந்தது, ஆறு படி. தனி இடம் பார்ப்பது, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று பார்ப்பது, எளிய வார்த்தையில் சொல்வது, அவர்கள் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று சேர்ந்து பேசுவது. இதை அப்படியே எடுத்து வந்து நம் வார்டில் வைத்தால் முதல் படியிலேயே தடுக்கும். தனி அறை இல்லை, வெளியே இருபது பேர். யாரிடம் சொல்வது? கையெழுத்துப் போட்ட மகனிடமா? அவர் வெறும் கையெழுத்துக்காரர், முடிவெடுப்பவர் தாய்மாமனாக இருப்பார், அல்லது ஊரிலிருந்து வந்த பெரியவராக இருப்பார். அவரைத் தவிர்த்துவிட்டு மகனிடம் மட்டும் சொன்னால், செய்தி திரிந்து அவரிடம் போகும், அவமானமும் கூடவே போகும். "உங்க வீட்டுல எல்லாரும் யார் பேச்சைக் கேப்பாங்க?" என்று அட்மிஷன் அன்றே கேட்டு கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்வேன். சின்ன விஷயம், நிறைய முறை காப்பாற்றியிருக்கிறது.

வார்த்தையும் முக்கியம். "எக்ஸ்பயர் ஆயிட்டாங்க" என்பது பாதிப் பேருக்குப் புரிவதில்லை. "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்று ஒருவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன், கேட்ட மகளின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. பெயரைச் சொல்லி, "இறந்துட்டாங்கம்மா" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிட மௌனம் இளம் மருத்துவர்களுக்கு மிகவும் கஷ்டம். பயத்தில் மருத்துவக் காரணங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், கேட்பவருக்கு அது சாக்குச் சொல்வதுபோல இருக்கும். 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் தகவல் தொடர்பும் அறநெறியும் சேர்க்கப்பட்டன. வகுப்பில் கேட்டது விடியற்காலை மூன்று மணிக்கு வாயில் வர வேண்டுமானால், நடித்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். உளவியலாளர் துக்கத்தில் இருக்கும் உறவினராக உட்கார்ந்து கத்துவார், ஹவுஸ் சர்ஜன் சொல்லிப் பார்ப்பார். நாலைந்து முறை செய்த பிறகுதான் அந்த மௌனம் பழகும்.

தனியார் மருத்துவமனைகளில் இன்னொன்று. மரணச் செய்தியையும் பாக்கித் தொகையையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. உடலைப் பார்க்க விட்ட பிறகு, வேறொருவர் வேறிடத்தில் பேச வேண்டும்.

மூன்றாவது, அறிகுறிகளைப் படிப்பது. ஆஸ்திரேலியாவில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நடந்தவற்றைக் கவனித்து 2007-ல் ஐந்து அறிகுறிகளைத் தொகுத்தார்கள்: முறைத்துப் பார்ப்பது அல்லது கண்ணையே பார்க்காமல் இருப்பது, குரல் ஏறுவது, பதற்றம், முணுமுணுப்பு, அங்கும் இங்கும் நடப்பது. உள்நோயாளிகளுக்கு நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியல் இருக்கிறது. குழப்பம், எரிச்சல், இரைச்சலான நடத்தை, வாயால் மிரட்டுவது, உடலால் மிரட்டுவது, பொருட்களை அடிப்பது என்று ஆறு கேள்வி, இருந்தால் ஒரு மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் தாக்குதல் நடக்கும் வாய்ப்பு அதிகம். செவிலியர் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

இந்த அறிகுறிகளை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் கிடையாது. துடைப்பத்தோடு நிற்கும் துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், வாசல் காவலாளி ஆகியோர் பார்த்துவிடுகிறார்கள். "அந்த நீலச் சட்டைக்காரர் சரியில்ல" என்று அவர்களுக்குத் தெரியும், யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியாது. சொன்னால் காதில் வாங்குவார்களா என்பதும் தெரியாது. அந்தப் பாதையைப் போட்டுக் கொடுப்பதும், பயிற்சியில் அவர்களையும் பேராசிரியர்களையும் ஒரே அறையில் உட்கார வைப்பதும் உளவியலாளரின் வேலை. அப்புறம், பேசும் முறை. ஒருவர் மட்டும் பேச வேண்டும், ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும், கதவு நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், அவருக்கும் வெளியேற வழி இருக்க வேண்டும். "கத்தாதீங்க" என்றால் இன்னும் கத்துவார். "உக்காருங்கண்ணே, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று பேனாவை எடுத்தால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நேர்மையான எச்சரிக்கை. வருடத்துக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தி, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வதால் தாக்குதல் குறையாது. இதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பின் 2020 மதிப்பாய்வு, பயிற்சியால் பணியாளர்களின் அறிவும் மனப்பான்மையும் மேம்படலாம், ஆனால் தாக்குதல்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு ஆதாரம் போதவில்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் ஆய்வாளர் ஜூடித் ஆர்னெட்ஸின் குழு 41 மருத்துவமனைப் பிரிவுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்தந்தப் பிரிவில் நடந்த தாக்குதல்களின் சொந்தக் கணக்கைக் கையில் கொடுத்து, "உங்கள் இடத்தில் என்ன மாற்றலாம் என்று நீங்களே திட்டம் போடுங்கள்" என்றது. 2017-ல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் அந்தப் பிரிவுகளில் தாக்குதல்கள் மற்ற பாதியைவிடக் குறைவாக இருந்தன, இரண்டு வருடம் கழித்தும் காயங்கள் குறைவாக இருந்தன. இங்கிலாந்து மனநல வார்டுகளில் லென் பவர்ஸ் உருவாக்கிய சேஃப்வார்ட்ஸ் முறையிலும் இப்படித்தான், தினசரி நடைமுறையில் பத்துச் சின்ன மாற்றங்கள். மோதல்கள் 15 சதவீதம் குறைந்தன, கட்டிவைப்பது போன்ற கட்டாய நடவடிக்கைகள் சுமார் 26 சதவீதம் குறைந்தன. வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நோயாளியை அன்று முழுக்கக் கூடுதலாகக் கவனிப்பது அந்தப் பத்தில் ஒன்று.

நோயாளியே தாக்கும்போது வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர் எலும்பு முறிவுக்காக அட்மிட் ஆகிறார். குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாள் இரவில் எதையோ பார்த்துப் பயந்து செவிலியரைத் தள்ளிவிடுகிறார். சர்க்கரை இறங்கியவரும் தலைக்காயம் பட்டவரும் இப்படி ஆகலாம். "சைக்காலஜிஸ்டைக் கூப்பிடுங்க" என்று என்னை அழைத்தால் நான் முதலில் கேட்பது, "சுகர் பார்த்தீங்களா, கடைசியா எப்ப குடிச்சார்?" என்பதுதான். இது பேசித் தீர்க்கும் கோபம் கிடையாது, உடனே மருந்து வேண்டிய உடல்நிலை. மனநோய் உள்ளவர்கள் என்றாலே ஆபத்து என்ற பேச்சையும் நாம்தான் திருத்த வேண்டும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை.

அடுத்ததாக நான் சொல்வது உங்கள் பணியாளர்களைப் பற்றி. நிர்வாகத்துக்குப் பிடிக்காமல் போகலாம். முப்பது மணி நேரமாகத் தூங்காத பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர் எந்த ஸ்பைக்ஸையும் பின்பற்ற மாட்டார். டியூட்டி நேரத்தை எழுதி வைத்து, எரிச்சலான பேச்சுகள் எந்த மணியில் கூடுகின்றன என்று காட்டுவதும் எங்கள் வேலைதான். இன்னொன்றும் உண்டு. நம் மருத்துவமனைகளில் வயதானவர்களை "யோவ், தள்ளி நில்லு" என்று விரட்டுவதும், பிரசவ அறையில் வலியில் கத்தும் பெண்ணைத் திட்டுவதும் இன்னும் நடக்கிறது. அடி வாங்கிய மருத்துவர் பெரும்பாலும் அப்படிப் பேசியவராக இருப்பதில்லை. மூன்று கவுன்டரில் வாங்கிய அவமானத்தைச் சுமந்துகொண்டு நான்காவது அறைக்கு வருகிறார்கள், அங்கே இருப்பவர்மேல் அது இறங்குகிறது. அடித்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் இதைத் தொடாமல் தடுப்பு என்று பேச முடியாது.

அதேபோல, சிகிச்சையில் உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் உறவினரைச் "சமாதானப்படுத்த" உளவியலாளரை அனுப்பாதீர்கள். புகாரை வாங்கி, விசாரித்து, எழுத்தில் பதில் கொடுங்கள். ஒருமுறை எங்களைக் கேடயமாகப் பயன்படுத்திவிட்டால் அதன்பின் எந்தக் குடும்பமும் எங்களிடம் வாய் திறக்காது.

சம்பவத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதிலும் ஒரு பழைய தவறு உண்டு. மறுநாளே எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்வது. ஒருவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பதால் பலன் இல்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகலாம் என்று 2002-லேயே காக்ரேன் மதிப்பாய்வு சொல்லிவிட்டது. முதல் நாட்களில் வேண்டியவை எளிமையானவை. பாதுகாப்பான இடம், சாப்பாடு, வீடு வரை துணை, போலீஸில் புகாரை நிறுவனமே கொடுப்பது, பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கம் வராமல், அந்தக் கதவைப் பார்த்தாலே உடல் நடுங்கினால் முறையான சிகிச்சை. யார் வந்து என்ன பேசினார் என்பது நிர்வாகத்தின் காதுக்கு வரக் கூடாது. "இதெல்லாம் சகஜம்ப்பா, எங்க காலத்துல இதைவிடப் பார்த்திருக்கோம்" என்று மூத்தவர்கள் சொல்வதை நிறுத்த வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தால் புகார் கொடுக்காமல் போன செவிலியர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். உளவியலாளரை எடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது மாடியில் காலை ஒன்பது முதல் நான்கு வரை ஓ.பி. பார்க்கச் சொல்லாதீர்கள். காஷுவாலிட்டிக்குப் பக்கத்தில், மாலையிலும் இரவிலும் இருக்கும்படி நேரம் கொடுங்கள். முதல் மாதம் வகுப்பு எதுவும் எடுக்கச் சொல்லாமல், வாசலில் உட்கார்ந்து யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று எழுத விடுங்கள். வசவும் மிரட்டலும் உட்பட எல்லாவற்றையும் பதிய ஒரு நோட்டு வையுங்கள். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, அதிலிருந்து மாற்ற வேண்டியதைத் தொடங்குங்கள்.

உளவியலாளர் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று இருக்கிறது. அடி வாங்கிய அந்த ஹவுஸ் சர்ஜனைப் பற்றி உங்கள் கேள்வியில் வேறு எதுவும் இல்லை. அவருடைய அடுத்த இரவு டியூட்டி எப்போது என்று இன்றைக்கே பாருங்கள். அன்று அவரைத் தனியாகப் போடாதீர்கள். டியூட்டி தொடங்கும் முன் நீங்களே நேரில் போய், "எப்படி இருக்கீங்க, எங்க போடணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள்.